விட்டுப்போன முதல் குரல்

குறை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் சாப்ட்வேர் ஆபீஸ். கமிஷன் மண்டிகளுக்கும் மொத்த வியாபாரக் கடைகளுக்கும் பில் போடுகிற ஆப் செய்து தருகிறோம். மற்றவர்கள் செய்ததை வாங்கி, அழுத்திப் பார்த்து, இது சரியில்லை அது சரியில்லை என்று திருப்பி அனுப்புவது நான். டெஸ்டர் பொன்னழகு வருகிறாள் என்றாலே அங்கே பாதிப் பேர் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவார்கள். வீட்டிலும் இப்படித்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். அவரிடமும் திருத்த வேண்டியது நிறைய இருக்கிறது.

அப்பேர்ப்பட்ட எனக்கு, பல வருஷமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சகாயசெல்வியிடம் மட்டும் பெரிதாக ஒரு குறையும் கிடைத்ததில்லை. எதற்கும் அவசரப்பட மாட்டாள், அது ஒன்றுதான். ஊரே பற்றி எரிந்தாலும் தண்ணீரைக் குடித்துவிட்டு, பாட்டில் மூடியைத் திருகி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். எனக்கு அதைப் பார்த்தாலே ரத்தக்கொதிப்பு ஏறும்.

செல்விக்கு ஆபீஸில் பில்டு போடுகிற வேலை. அது என்ன என்று என் மாமியாருக்கு விளக்கிய மாதிரியே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆப் என்பது ஒரே பொருள் இல்லை. நாலைந்து பேர் எழுதிய நிரல்கள், படங்கள், சத்தங்கள் என்று நூற்றுக்கணக்கான துண்டுகள். அவற்றைப் பொறுக்கி, அடுக்கி, ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவதற்கு ஒரு கருவி உண்டு. அப்படிக் கட்டுவதுதான் பில்டு. எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அந்தக் கருவிக்குச் சொல்லிவைப்பது செட்டிங்ஸ். வம்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஒருவர் கம்ப்யூட்டரில் ஒழுங்காகக் கட்டுகிற கருவி, அடுத்தவர் கம்ப்யூட்டரில் அதே துண்டுகளைக் கொடுத்தாலும் வேறு மாதிரி கட்டிவைக்கும்.

"என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது" என்று பையன்கள் சொல்லுவார்கள்.

"அப்ப உன் மெஷினையே பஸ்ல ஏத்திக் கஸ்டமருக்கு அனுப்பு" என்பேன் நான்.

செல்வி இரண்டு பேரையும் திட்ட மாட்டாள். "ரெண்டு மெஷினையும் பக்கத்துல வைங்கக்கா, பாப்போம்" என்பாள். வைத்துவிட்டு, இதில் ஒரு வரி, அதில் ஒரு வரி என்று வாய்விட்டுப் படிப்பாள். ஒட்டன்சத்திரத்து மண்டி ஒன்றில் பில்லெல்லாம் முந்தின நாள் தேதியில் விழுந்தபோது, மண்டிக்காரர் போனில் எங்கள் வம்சத்தையே இழுத்துக்கொண்டிருந்தார். இவள் அமைதியாக உட்கார்ந்து படித்து, கட்டிய கம்ப்யூட்டர் வேறொரு நாட்டு நேரத்தில் ஓடுவதைக் கண்டுபிடித்தாள். அதைக் கண்டுபிடித்த பிறகும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து எனக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எடுத்து வைத்தாள்.

சித்தையன்கோட்டையிலிருந்து தினமும் வருகிறாள். செம்பட்டியில் பஸ் மாற வேண்டும். வீட்டில் அப்பா, அம்மா, இவள். கல்யாணப் பேச்சை எடுக்கிறவர்களிடம் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். எடுத்தவர்களுக்கு வேண்டிய பதிலை அவள் சார்பில் நான் கொடுத்திருக்கிறேன். இப்போது யாரும் எடுப்பதில்லை.

அவளுடைய அப்பா அந்தோணிராஜுக்குக் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் வயல். ஆள் ஒல்லி. குரல் மட்டும் அப்படி ஒரு குரல். தோட்டத்தில் நின்று அவர் கூப்பிட்டால் ரோட்டில் போகிற பஸ்ஸில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மா மாயம்மாள். அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். இந்தம்மா கும்பிடுவது வேறு சாமி. அந்தக் காலத்தில் இரண்டு வீட்டிலும் அடிதடி வரைக்கும் போன கல்யாணம். எப்படி அம்மா துணிந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்க வீட்டு வாசல்ல நின்னு 'மாயி'ன்னு ஒரு சத்தம் குடுத்தாரு தாயி. வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அம்புட்டுத்தான்" என்றார்.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அந்தப் பதில் பிடித்திருக்கிறது. என் கல்யாணத்துக்கு நடந்த பேச்சுவார்த்தையைப் புத்தகமாகவே போடலாம்.

அந்தக் குரலுக்குத்தான் கேடு வந்தது. தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தால்தான் உயிர், எடுத்தால் பேச்சு வராது என்று மதுரையில் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அட்மிட் ஆவதற்கு முந்தைய வாரம் செல்வி ஒரு மைக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்பாவை உட்காரவைத்து, அவர் அன்றாடம் பேசுகிற பேச்சையெல்லாம் அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிந்துகொண்டாள். சாப்பாட்டுக்குக் கொஞ்சம், தோட்டத்துக்குக் கொஞ்சம், கோயிலுக்குக் கொஞ்சம், ஆட்களைக் கூப்பிடுவதற்குக் கொஞ்சம்.

ஆபரேஷன் முடிந்து, நீண்ட லீவுக்குப் பிறகு ஆபீஸ் வந்தவள், தன் பழைய கம்ப்யூட்டரில் ஒரு ஆப் செய்தாள். போனைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் படங்கள். சொம்புப் படத்தை அழுத்தினால் அந்தோணிராஜ் குரலிலேயே "தண்ணி குடு" என்று கேட்கும். ஆட்கள் பக்கத்தில் ஒவ்வொருவர் போட்டோவும் இருக்கும். முதல் போட்டோ மாயம்மாள் அம்மா. அதை அழுத்தினால் "மாயி" என்று, கடைசியில் லேசாக ஒரு இருமலோடு, அந்தக் குரல் வரும். நான் போயிருந்த ஒரு நாள் கேட்டேன். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் கட்டிலில் உட்கார்ந்து அழுத்த, அடுப்படியிலிருந்து "இந்தா வாரேன்" என்று அம்மா வர, எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. டெஸ்டர் வாழ்க்கையில் குறையே சொல்லாமல் பாஸ் போட்ட ஒரே ஆப் அதுதான்.

ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது. பிறகு ஒரு நாள் மோட்டார் ரூம் தொட்டியில் குனிந்தவரின் சட்டைப்பையிலிருந்து போன் நழுவி உள்ளே விழுந்தது. அரிசிக்குள் புதைத்து வைத்தார்கள், வெயிலில் காயவைத்தார்கள். அது எழுந்திருக்கவில்லை. செல்வி புதுப் போன் வாங்கினாள்.

பழைய ஆப்பைப் புதுப் போன் ஏற்க மறுத்தது. அது பழைய காலத்துக் கட்டு, எனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டது. பரவாயில்லை, பதிவுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, இப்போது வைத்திருக்கும் ஆபீஸ் லேப்டாப்பில் புதிதாக பில்டு போட்டால் ஆயிற்று என்று அவள் போட்டாள். போனும் ஏற்றுக்கொண்டது. என்னிடம் ஒரு தடவை டெஸ்டிங்குக்குக் கொடுத்திருக்கலாம். அவசரமே படாதவள் அன்றைக்கு அப்பாவுக்காக அவசரப்பட்டாள். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வரச்சொல்லி அம்மா என்னையும் கூப்பிட்டிருந்ததால் நானும் போயிருந்தேன்.

அந்தோணிராஜ் புதுப் போனை வேட்டியில் துடைத்து, சொம்பை அழுத்தினார்.

"வெஞ்சனம் என்ன?" என்றது போன்.

"கத்திரிக்காதான். ஏன், பிடிக்கலையா?" என்றார் அம்மா.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தோட்டப் பக்கத்துக்குப் போய் மோட்டார் படத்தை அழுத்தினார். "நாயக் கட்டு" என்றது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றுகொண்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தும் விட்டேன். அதன்பிறகு அவர் ஆட்கள் பக்கத்தைத் திறந்து, முதல் போட்டோவை அழுத்தினார்.

"செல்வி!" என்றது போன்.

அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றார். அவர் மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் "செல்வி!" பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த செல்வி, "நான் பாக்குறேன்ப்பா, குடுங்க" என்று கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. போனை டிவி மேல் வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தென்னந்தோப்புப் பக்கம் போய்விட்டார்.

அதற்குப்பின் அவர் போனைத் தொடவே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் கரண்டியால் டம்ளரைத் தட்டினார். செல்வி கிணற்றடிக்குப் போன நேரத்தில் மாயம்மாள் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "டம்ளரத் தட்டுறாரு, நானும் போறேன் தாயி. போகாம என்ன செய்ய? ஆனா மாட்டக் கூப்பிடுற மாதிரி இருக்கு."

திங்கட்கிழமை ஆபீஸில் செல்வியின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. லஞ்ச் நேரத்தில் அவளுடைய லேப்டாப்பைப் பிடுங்கி, அதிலேயே ஆப்பை ஓட்டி, எல்லாப் பக்கத்தையும் ஒழுங்காக அழுத்திப் பார்த்தேன். என் வேலை அது. சீக்கிரமே பிடிபட்டுவிட்டது.

"ஏ செல்வி, ஒவ்வொரு பக்கத்துலயும் முதல் குரல் உள்ள வரவே இல்ல. அதனால மத்த குரலெல்லாம் ஒரு எடம் முன்னால ஏறிக்கிடுச்சு. படத்தைத் தள்ளிப் போடு, வேலை முடிஞ்சது."

தள்ளிப் போட்டாள். தண்ணீர் தண்ணீரானது, வெஞ்சனம் வெஞ்சனமானது. முதல் படங்களை மட்டும் அழுத்தினால் ஆப் வாயை மூடிக்கொண்டிருந்தது. "சாப்டியா?" இல்லை, "மோட்டரப் போடு" இல்லை, "மாயி" இல்லை.

"எல்லாம் சரியாயிருச்சுக்கா. அம்மா மட்டும் இல்ல" என்றாள்.

பிறகு நடந்ததெல்லாம் பில்டு வேலையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பாடு. பதிவு கெட்டுவிட்டதோ என்று பார்த்தாள். லேப்டாப்பில் அது நன்றாகவே பாடியது. மறுபடி மறுபடி சேமித்து, அதே பெயரில் அதே இடத்தில் வைத்துப் பார்த்தாள். கருவி அதைத் தொடக்கூட இல்லை. கருவியைப் பழைய பதிப்புக்கு மாற்றினாள், புதியதுக்கு மாற்றினாள். இரண்டும் ஒரே மாதிரி மௌனம் சாதித்தன.

அவளுடைய பழைய கம்ப்யூட்டர் என் வீட்டில்தான் இருந்தது. ஆபீஸில் எல்லோர் கைக்கும் புது லேப்டாப் வந்து சேர்ந்த பிறகு, பழையவற்றை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் எடுத்துவந்ததில் என் மகன் கார் ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பிவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பழையதில் பில்டு போட்டால் முதல் குரல் உட்பட எல்லாம் உள்ளே வந்தது. ஆனால் அந்தக் கட்டைப் புதுப் போன் ஏற்காது. லேப்டாப்பில் போட்டால் போன் ஏற்கும், முதல் குரல் இராது. ஆப்பின் செட்டிங்ஸை இதில் ஒரு வரி, அதில் ஒரு வரி என்று செல்வி வாய்விட்டுப் படித்தாள். நான் சாம்பார் கொதிப்பதையும் பார்த்துக்கொண்டு ம் கொட்டினேன். ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அந்த ஒரு பதிவை மட்டும் போன்ல பாட்டு மாதிரி தனியா ஏத்திக் குடுத்துட்டுப் போ செல்வி. இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு?"

"மத்தவங்கள்லாம் ஒரு எடத்துல இருக்க, அம்மாவை மட்டும் அப்பா வேற எடத்துல போய்த் தேடணுமாக்கா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் சொன்னபிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அவளுடைய தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்த நேரத்துக்கு நான் சித்தையன்கோட்டைக்குப் போனேன். செல்வி வீட்டுப் பின்புறக் களத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேப்பமர நிழலில் மாயம்மாள் அம்மா விதைக்கடலையைப் படியால் அளந்து சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி அந்தோணிராஜ் உட்கார்ந்து தென்னோலை கிழித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சண்டையெல்லாம் இல்லை. சண்டை போடுவதற்கும் பேச வேண்டியிருக்கிறதே.

அம்மா குவியலில் படியைச் செருகி, தலை தட்டி, சாக்கில் கொட்டினார். "லாபம்" என்றார். அடுத்த படியைக் கொட்டி, "ரெண்டு" என்றார்.

நான் சும்மா இருப்பேனா? "அம்மா, ஒண்ணை விட்டுட்டீங்க" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "மூணு" என்றார். செல்வி ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

"அளக்கும்போது அம்மா பேச மாட்டாங்கக்கா, கணக்கு தப்பிரும். லாபம்னா ஒண்ணுதான். தானியம் அளக்கையில முதல் படிக்கு ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம். லாபம்னு ஆரம்பிச்சாத்தான் வீட்ல பெருகும்னு வழக்கம். உங்களுக்குத் தெரியாதா?"

"எங்க வீட்ல அரிசி பாக்கெட்ல வரும்டி. அவனே எடை போட்டு ஒட்டிருவான்."

"எங்க வீட்ல எதை எண்ணுனாலும் இப்படித்தான். ரெக்கார்டு பண்ணப்பகூட அப்பா எண்ணிக்கிட்டேதான் சொன்னாரு. மைக்கைப் பாத்து ஒரே கூச்சம் அவருக்கு. எண்ணிக்கிட்டே சொன்னா வருதுன்னாரு. லாபம்னு சொல்லிட்டு மாயின்னாரு. ரெண்டுன்னு சொல்லிட்டு செல்வின்னாரு. ஒவ்வொரு பக்கத்துக்கும் புதுசா லாபத்துல இருந்து ஆரம்பிச்சாரு. எண்ணுனதை வெட்டி எடுத்துட்டு, ஃபைலுக்கு அதையே பேரா வச்சேன்."

எனக்குச் சட்டென்று என்னவோ உறைத்தது. "என்ன பேர் வச்ச?"

"அதான்க்கா. லாபம், ரெண்டு, மூணு."

"எழுத்துலயா, நம்பர்லயா?"

"ரெண்டுல இருந்து நம்பரு. லாபத்துக்கு ஏதுக்கா நம்பரு? தமிழ்ல லாபம்னு அடிச்சேன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். செல்வி மதுரை ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருந்த சமயத்தில் ஆபீஸில் ஒரு கூத்து நடந்திருந்தது. எவனோ ஒருத்தன் தன் வீட்டுப் பிறந்தநாள் கேக் போட்டோவை வேலை செய்கிற ஃபோல்டரிலேயே போட்டுவைக்க, அதையும் சேர்த்து பில்டு கட்டிப் போய்விட்டது. வெங்காய மண்டியில் பில்லைத் திறந்தால் மேலே க்ரீம் கேக். நல்லவேளை, அன்றைக்கு நான் லீவு. எங்கள் மேனேஜர் விக்னேஷ்குமார் கொதித்துப்போய், அப்போதுதான் வந்திறங்கிய புது லேப்டாப் எல்லாவற்றிலும் ஒரு விதியை எழுதிவைத்தார்: பெயர் நம்பரில் தொடங்கினால் மட்டும் சேர், மற்றதை விட்டுவிடு. எங்கள் ஆபீஸ் வேலைக்குரிய ஃபைல்கள் எல்லாமே நம்பரில்தான் தொடங்கும் என்பதால் யாருக்கும் அது தொந்தரவாக இல்லை. பழைய கம்ப்யூட்டர்களுக்கு அந்த விதி போகவே இல்லை. செல்வி லீவு முடிந்து வந்தபோது அதை அவளிடம் யாரும் சொல்லவும் இல்லை. அந்த விதி ஆப்போடு சேர்ந்து இருப்பதும் இல்லை. லேப்டாப்பின் பொதுச் செட்டிங்ஸில், யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் உட்கார்ந்திருக்கிறது. ஆப்பின் செட்டிங்ஸை ஆயிரம் தடவை வரிவரியாகப் படித்தாலும் அங்கே அது கண்ணில் படாது.

இவ்வளவையும் நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். செல்வி லேப்டாப்பின் பொதுச் செட்டிங்ஸைத் திறந்தாள். இருந்தது. ஒரே ஒரு வரி.

"விட்டா விட்டேன்னு சொல்ல வேண்டாமா இந்தக் கருவி? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று நான் கத்தினேன். அந்தோணிராஜ் ஓலை கிழிப்பதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடியும் ஓலையை எடுத்துக்கொண்டார்.

"பேரை 01னு மாத்திவிடு, முடிஞ்சது" என்றேன் செல்வியிடம்.

அவள் உடனே எதுவும் செய்யவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். மூடியைத் திருகினாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"மாத்துனா ஓடும்க்கா. ஆனா அது அப்பா வாயால சொன்ன எண்ணு. கடைசியா எண்ணுனது. எனக்கு அதை மாத்த மனசு வரல."

அவள் ஆப்பின் சொந்தச் செட்டிங்ஸைத் திறந்து, லாபம் என்ற பெயரில் இருப்பதையும் எடு, அதை முதலில் வை என்று எழுதினாள். லேப்டாப்பின் பொது விதி என்ன சொன்னாலும், ஆப்பின் சொந்த விதி சொல்வதைத்தான் கருவி கேட்கும். இனி எந்த மெஷினில் கட்டினாலும் அது கூடவே வரும். நான் தள்ளிப் போடச் சொன்ன படங்களையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, பில்டு போட்டாள். அது ஓடி முடிக்கிறவரை நாங்கள் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் அம்மா ஒரு சாக்கைக் கட்டிவைத்துவிட்டு அடுத்த சாக்கை விரித்து, லாபத்திலிருந்து ஆரம்பித்திருந்தார்.

டிவி மேல் இருந்த போனை எடுத்துவந்து, புதுக் கட்டை அதில் ஏற்றினாள். நான் டெஸ்ட் பண்ணுகிறேன் என்று கையை நீட்டினேன். "வேண்டாம்க்கா, இதை அப்பாதான் பண்ணணும்" என்றாள். எனக்கு அது புரிந்தது. கையை மடக்கிக்கொண்டேன்.

செல்வி போனைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினாள். அந்தோணிராஜ் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் வற்புறுத்தவில்லை. ஆட்கள் பக்கத்தைத் திறந்து, ஓலைகளுக்கு நடுவே அவர் மடியில் போனை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் ஓலையை ஓரமாக வைத்தார். போனைப் பார்த்தார். பிறகு, முதுகைக் காட்டி உட்கார்ந்து அளந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார்.

"பதினேழு" என்றார் அம்மா.

"மாயி" என்றது போன். கடைசியில் அந்த இருமல்.

அம்மாவின் கை படியோடு குவியலுக்குள் நின்றது. "இந்தா வாரேன்" என்று வாய் தன்னாலே சொல்லிவிட்டது. சொன்னபிறகுதான் அவருக்கே விளங்கியது. படியை அப்படியே விட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்து எழுந்து, சேலையில் ஒட்டிய கடலைத் தூசியைக்கூடத் தட்டாமல் அவரிடம் போனார்.

"என்ன வேணும்?"

அவர் ஒன்றும் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"சும்மாவா கூப்பிட்டீக?"

அவர் மறுபடியும் முதல் போட்டோவை அழுத்தினார். அந்தக் குரல் மறுபடியும் மாயி என்று கூப்பிட்டது, எதிரிலேயே நிற்கிறவரை.

"வந்துட்டேன்ல, பெறகென்ன?" என்று அதட்டிவிட்டு அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அந்தோணிராஜின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. முகத்தைப் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். செல்வி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன். அதில் எனக்கென்ன வெட்கம்?

சற்று நேரம் கழித்து அம்மா குவியலுக்குத் திரும்பிவந்து உட்கார்ந்து படியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் சாக்கைப் பார்த்தபடியே இருந்தார்.

"எம்புட்டு எண்ணுனேன்?"

எனக்குத் தெரியும், பதினேழு. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். செல்வி என் கையை அழுத்தினாள்.

அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சாக்கின் அடியைப் பிடித்துக் கவிழ்த்து, அளந்த கடலை முழுவதையும் குவியலிலேயே கொட்டினார். முதல் படியை அள்ளி, தலை தட்டி, அந்தோணிராஜைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"லாபம்."